ஆக்கியோன் பெயர்: இணைய ஒலிபரப்பில் பாடலாசிரியர் உரிமை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடித் தமிழ் பேசும் இவ்வட்டம், இவ்விழாவில் ஒரு காப்பியத்தைப் பற்றியோ கவிதை நூலைப் பற்றியோ பேசுமாறு என்னைப் பணித்திருக்கலாம். மாறாக, இணைய ஒலிபரப்பில் பாடல் உரிமை என்னும் பொருளைத் தந்திருக்கிறது. இலக்கணம் பயிற்றுவிக்கும் ஒருத்திக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. இவ்வவையில் அமர்ந்துள்ள கவிஞர்களுள் பலர் இசைத் தொகுப்புகளுக்கும் குறும்படங்களுக்கும் பாடல் எழுதுகின்றனர். அன்றியும், 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் இணையத்திற்குப் பெயர்ந்தது முதல் நம் வட்டமும் ஓர் ஒலிபரப்பாளர் ஆகிவிட்டது. பாட்டுக்கு உரியவர்களாகவும் பாட்டைப் பரப்புபவர்களாகவும் இரு பக்கத்திலும் நாமே நிற்கிறோம்.

பரிபாடலைப் பயின்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பாடலின் இறுதியில் பாடிய புலவர் பெயர் இருக்கும். அதனை அடுத்து இசை வகுத்தவர் பெயர் இருக்கும். பண்ணின் பெயரும் இருக்கும். மூன்றாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார்; இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். சொல் ஒருவருடையது, இசை மற்றொருவருடையது என்று பிரித்து அறிந்து, இருவரையும் மறவாமல் எழுதி வைத்தனர் நம் முன்னோர். ஏடு செல்லரித்து மறைந்த பாடல்கள் எத்தனையோ. எஞ்சிய பாடல்களில் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன.

நன்னூலும் நமக்குத் துணை நிற்கிறது. சிறப்புப் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவை எட்டு என்று வகுக்கும் பவணந்தி முனிவர், முதலில் வைப்பது ஆக்கியோன் பெயரை. நூல் வழங்கும் எல்லையும் அவ்வெட்டனுள் ஒன்று. காலம், களம், காரணம் என்பனவற்றையும் சேர்த்துச் சொல்வாருண்டு என்றும் அவர் குறிக்கிறார். ஆக்கியோன் பெயர், எல்லை, காலம் ஆகிய மூன்றும் இன்றைய பாடல் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்கக் கற்றுக்கொண்டால், கவிஞருக்கு வேண்டிய சட்ட அறிவில் பெரும்பகுதி வந்துவிடும். அதனைச் சொல்வதே என் உரையின் நோக்கம்.

ஒரு பாடல், மூன்று உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கண்ணில் ஒரு திரைப்பாடல் ஒரு பொருளன்று, மூன்று பொருள். பாடலின் சொற்கள் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் கவிஞர். மெட்டு இசைப் படைப்பு; அதன் ஆசிரியர் இசையமைப்பாளர். இசைப் படைப்பு என்பதற்கு விளக்கம் கூறும்போது சொற்களை நீக்கியே சட்டம் பேசுகிறது. மூன்றாவது ஒலிப்பதிவு, அதற்கு ஆசிரியராகக் கருதப்படுபவர் பதிவைத் தயாரித்தவர். இவற்றோடு பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற தனி உரிமையும் உண்டு.

இம்மூன்றுக்கும் கால அளவு வேறு. சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. 1961-இல் வெளிவந்த 'பாலும் பழமும்' படப் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொல் கண்ணதாசனுடையது, இசை விசுவநாதன்-ராமமூர்த்தி இருவருடையது. இசைத்தட்டும் அவ்வாண்டே வெளிவந்ததெனக் கொண்டால், அப்பதிவின் உரிமைக் காலம் 2021 இறுதியோடு முடிந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். ஆகவே சொல்லின் உரிமை 2041 இறுதி வரை. கூட்டாக இசையமைத்த இருவருள் பின்னர் மறைந்தவர் விசுவநாதன், 2015-இல். ஆகவே மெட்டின் உரிமை 2075 இறுதி வரை. ஒரே பாடலுக்குள் மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டுகின்றன. பழைய பாட்டுத்தானே, யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி அதனை இணையத்தில் ஏற்றுபவர், இம்மூன்றில் எதனைக் கருதிச் சொல்கிறார் என்பதைத் தாமே அறியார்.

வானலையில் ஏறிய கவிதைக்கு உரியவர் யார் என்னும் வினா நமக்குப் புதிதன்று. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை வணிகர் கைக்குச் சென்று, பின்னர் ஏ.வி. மெய்யப்பரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948-இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. பாரதி நாட்டுக்கே உரியவர் என்ற முழக்கம் வலுப்பெற்றது. 1949-இல் சென்னை அரசு அவ்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பர் பொருள் பெறாமல் ஒப்படைத்தார். பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. பாரதிக்குக் கிடைத்த அந்த நற்பேறு எல்லாக் கவிஞர்க்கும் கிடைப்பதன்று. மற்றவர்கள் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

1977 முதல் 2012 வரை

அந்தச் சட்டம் நீண்ட காலம் கவிஞருக்குக் கை கொடுக்கவில்லை. பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிய தொகையைத் திரட்டித் தரும் பொருட்டு இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 1969-இல் தோன்றியது. ஆங்கில எழுத்துகளின்படி ஐ.பி.ஆர்.எஸ். என்றால் யாவர்க்கும் விளங்கும். அச்சங்கத்திற்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்திற்கும் நடந்த வழக்கில் 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பணம் கொடுத்துப் படத்திற்கென்று எழுதச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அச்சொல்லுக்கும் இசைக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பில் தனிக் குறிப்பு எழுதிய நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகின்ற கலைஞருக்குச் சட்டம் இடம் தராததை எடுத்துக்காட்டி நாடாளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்தார். ஆயினும் நிலை மாறப் பல்லாண்டுகள் ஆயின. ஒருமுறை கூலி பெற்றதோடு கவிஞரின் தொடர்பு அறுந்தது. பாட்டு வானொலியிலும் ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் கைபேசி அழைப்பொலியிலும் மறுபிறவி எடுத்துக்கொண்டே இருந்தது. எழுதியவர் ஒரே பிறவியோடு நின்றார்.

2010-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இப்பொருளை அங்கே விடாது எழுப்பினார். 2012 மே மாதத்தில் ஈரவைகளும் நிறைவேற்றிய திருத்தம் அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கவிஞர்கள் மனத்தில் இருத்த வேண்டியவை அதில் இரண்டு.

ஒன்று: படத்திற்காக எழுதிய பாடலின் பதிப்புரிமையைக் கவிஞர் பிறருக்கு மாற்றிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, மற்றெல்லாப் பயன்பாட்டிலும் உரிமை பெற்றவரோடு சமமாகப் பங்கிட்டு ராயல்டி பெறும் உரிமை அவரைவிட்டு நீங்காது. அதனை விற்க இயலாது, விட்டுக்கொடுக்கவும் இயலாது. தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ மட்டுமே தரலாம். படத்தைச் சேராத இசைத் தொகுப்புகளுக்கும் இவ்வாறே ஒரு விதி உண்டு.

மற்றொன்று: ஒப்பந்தம் எழுதிய காலத்தில் இல்லாத, அல்லது வணிக வழக்கில் வராத ஓர் ஊடகத்திற்கு அவ்வொப்பந்தம் பொருந்தாது, அந்த ஊடகத்தைப் பெயர் சுட்டிக் குறித்திருந்தாலன்றி. 2012-க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இனி எழுதப்படும் ஒப்பந்தங்களில் இது கவிஞரின் கையில் உள்ள நல்ல கருவி.

வானொலிக்கு ஒரு வழி, வலைக்கு ஒரு வழி

அதே திருத்தம் 31-டி என்ற பிரிவையும் சேர்த்தது. வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே இசைவு பெறாமல், முன்னறிவிப்புத் தந்து, சட்டப்படி வரையறுத்த தொகையைச் செலுத்திப் பாடலை ஒலிபரப்பலாம் என்பது அதன் பயன். இணையத்தில் பாட்டை ஓடவிடுபவர்க்கும் இச்சலுகை உண்டா என்பதே கேள்வியாயிற்று. 2016-இல் நடுவணரசின் துறை ஒன்று, உண்டு என்று பொருள்பட ஒரு குறிப்பாணை வெளியிட்டது.

ஏர்டெல் நிறுவனம் அப்போது நடத்திவந்த விங்க் என்னும் பாடல் செயலிக்கும் டிப்ஸ் என்னும் இசை நிறுவனத்திற்கும் தொகை பற்றிப் பேச்சு முறிந்தபோது, விங்க் இப்பிரிவின்கீழ்ப் புகலிடம் தேடியது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதனை மறுத்தது. 31-டி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது, இணையத்திற்கு அன்று. அரசின் குறிப்பாணை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றது. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதி செய்தது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பெரிய நிறுவனத்திற்கு வழக்கறிஞர் இருக்கிறார். அது பேரம் பேசிக்கொள்ளும். சிற்றூரிலிருந்து இணைய வானொலி நடத்தும் ஓர் ஆர்வலர், ஒரு பாடலுக்குச் சொல்லின் உரிமையாளர், மெட்டின் உரிமையாளர், பதிவின் உரிமையாளர் என்று ஒவ்வொரு வாயிலிலும் நிற்க வேண்டும். உரிமையாளர் மறுத்தால் எளிய வழியில்லை. தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. உரிமையாளரின் இசைவைக் காப்பதில் நியாயம் உண்டு. ஆனால் சிறியவர்க்கென்று எளிய, மலிவான உரிமம் ஒன்றை வகுப்பது நாடாளுமன்றத்தின் கடமையாக எஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில், கேட்பவர் பாடலைத் தேர்ந்தெடுக்க இயலாத இணைய வானொலிகளுக்கு ஒலிப்பதிவைப் பொறுத்தவரை வரையறுத்த தொகையில் சட்டவழி உரிமம் உண்டு. இங்கும் அத்தகையது இயலாததன்று.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. பண்பலை வானொலிகள் பதிவின் உரிமையாளர்க்குப் பணம் கட்டினாலே போதும், சொல்லுக்கும் மெட்டுக்கும் தனியே தர வேண்டியதில்லை என்று வாதிட்டன. 2012 திருத்தத்திற்குப்பின் அவ்வாதம் நில்லாது, ஆசிரியர்க்குத் தனியே ராயல்டி சேர வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்கால ஆணையில் கூறியது.

பொறியின் செவி

இனி நம் வட்டத்தின் பட்டறிவுக்கு வருவோம். நம் உறுப்பினர் ஒருவர் பாரதி பாடலைப் பாடினார். கூட்டம் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பதிவைக் கேட்டால் அப்பகுதியில் ஒலியே இல்லை. சொற்கள் பொதுவுடைமை ஆயிற்றே என்று நாம் வியந்தோம். பிழை எங்கே?

யூடியூப் 2007 முதல் ஒரு பொறியமைப்பை வைத்திருக்கிறது. உரிமையாளர்கள் தரும் பதிவுகளிலிருந்து ஒலியின் கைரேகை போன்ற ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்றப்படும் ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் ஒலியை அடக்கும், அல்லது காட்சியையே தடுக்கும், அல்லது விளம்பர வருவாயை உரிமை கோரியவர்க்குத் திருப்பும். நேரலையையும் அது விடுவதில்லை. நம் உறுப்பினர் பாடியது புகழ்பெற்ற ஒரு பதிவின் மெட்டு. பின்னணியாக ஒலித்ததும் விலைக்கு வாங்கிய இசை. சொல் பாரதியுடையது, மற்றவை பாரதியுடையவை அல்ல. பொறிக்குக் காது உண்டு. சட்டப் பிரிவு தெரியாது. இசைவுக் கடிதம் நம் பேழையில் இருந்தாலும் அதற்குத் தெரியாது. மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. மறுப்புக்கு விடையளிக்க உரிமை கோரியவர்க்கு 30 நாள் தவணை உண்டு. ஆனால் அஞ்சி அழித்துவிடுபவரே மிகுதி.

மற்றொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். கட்டணம் பெறாத அவைக்குமுன் தொழில்முறை சாராத மன்றம் ஒன்று பாடலை நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இவ்வரங்கத்தில் நாம் பாடுவதற்கு அந்நிழல் உண்டு. ஆனால் விலக்கு பேசுவது நிகழ்த்துதலைப் பற்றி மட்டுமே. அதனைப் பதிவு செய்து உலகத்திற்கு ஓடவிடுவது வேறு செயல். அரங்கத்தின் கூரை இணையம் வரை நீளாது.

பெயர், எல்லை, காலம்

என்னிடம் பயின்று இன்று கவிஞராக விளங்கும் பெண் ஒருவர், ஓர் இசை நிறுவனத்திற்கு ஐந்து பாடல்கள் எழுதினார். ஒப்பந்தத்தில் உலகம் முழுதும், எக்காலத்திற்கும், இனி வரவிருக்கும் எல்லா ஊடகங்களிலும் என்றிருந்தது. ஒருமுறை பணம் தந்தனர். பாடல் செயலிகளில் வெளியானபோது பாடகர் பெயர் இருந்தது, இசையமைப்பாளர் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. ராயல்டி பற்றிக் கேட்டதற்கு, விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டிருக்கிறீர்கள் என்று விடை வந்தது. சட்டம் விட்டுக்கொடுக்க முடியாதென்று விலக்கிய ஒன்றை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கியிருக்கின்றனர்! பிரிவைச் சுட்டி எழுதிய கடிதத்திற்குப்பின் பெயர் சேர்க்கப்பட்டது. பணம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அப்பெண் என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றியன்று. "அம்மா, என் மகள் அந்தப் பாட்டைப் பாடுகிறாள். அதை நான் எழுதினேன் என்பதற்கு எங்கே சான்று?" என்று கேட்டார்.

ஆகவே கவிஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவன சில. முதலாவது ஆக்கியோன் பெயர். சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்ற பின்னும் இது என் படைப்பு என்று உரிமை கோரவும், தம் பெருமைக்கு ஊறு நேருமாறு அதனைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியர்க்கு இடம் தருகிறது. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் இருந்த கவிஞர் பெயர், இன்றைய செயலியின் முகப்பில் இல்லை. உள்ளே தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்திலேயே பெயர் இடம்பெறும் முறையை எழுதச் செய்யுங்கள்.

இரண்டாவது எல்லை. உரிமை மாற்றத்தில் எல்லை குறிக்கப்படாவிடின் அது இந்தியாவிற்குள் மட்டும் என்பது சட்டம். மூன்றாவது காலம். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். உலகமெங்கும், எக்காலத்தும் என்ற இரு சொற்களை அச்சிட்ட தாளில் காணும்போது பேனாவைக் கீழே வையுங்கள். அவற்றைக் குறைக்கக் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தாலன்றிச் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நான்காவது, பாடலாசிரியராக எழுதுவோர் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகித் தம் பாடல்களைப் பதிவு செய்யுங்கள். பதியப்படாத பாடலுக்கு வந்த தொகை வீடு தெரியாத கடிதம் போல் அலையும்.

வட்டத்திற்கும் வேண்டுகோள் உண்டு. கவிதை படிப்பவரிடம் ஒரு பக்க இசைவுக் கடிதம் பெறுவோம். எங்கே, எத்தனை காலம் ஒலிபரப்புவோம் என்று அதில் எழுதுவோம். உரிமை கவிஞரிடமே இருக்கும் என்றும் எழுதுவோம். இணையத்தில் செல்லும் நிகழ்ச்சியில் பாடுவதாயின், உரிமைக் காலம் கடந்த அல்லது பொதுவாக்கப்பட்ட பாடலுக்கு நம் உறுப்பினரே புதிய மெட்டமைத்துப் பாடுவோம். பிறர் பாடலைப் பாடும்போதும் படத்தின் பெயருக்கு முன் கவிஞர் பெயரைச் சொல்வோம்.

கவிதை கொடையன்றோ, அதற்கு விலை பேசலாமோ என்று சான்றோர் சிலர் வினவுவர். அவர்க்குப் பெருஞ்சித்திரனாரை நினைவூட்டுவேன். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்தார். தகுதி அறிந்து தந்தால் தினையளவாயினும் இனிது என்பது அப்பெருமகனாரின் உள்ளம். அவர் பரிசிலை வேண்டாதவரல்லர், வறுமை அறிந்தவர். பொருளை மட்டுமன்று, காண்பதையும் அவர் கேட்டார். இன்று கோடிக்கணக்கான செவிகளுக்குப் பாட்டைக் கொண்டுசெல்லும் இணையம் கவிஞரைக் காண்பதில்லை. 2017-இல் இளையராஜா அவர்கள் தம் பாடல்களை மேடையில் பாடுவது பற்றி எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பியபோது தமிழகமே விவாதித்தது. இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா என்று வீட்டுக்கு வீடு வழக்காடினோம். சொல்லைத் தந்தவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே.

பரிபாடல் ஏட்டை எழுதியவர்கள் சட்டம் படித்தவர்களல்லர். ஆயினும் புலவர் பெயரை விடவில்லை. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பதிவுகளில் ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவர் பெயர், இசைத்தவர் பெயர், பாடியவர் பெயர், இசைவு பெற்ற நாள் ஆகியவை இடம்பெறட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் அதனைத் தவறாது எழுதும் ஒருவரும் போதும். அப்பணியை இவ்விழாவிலேயே ஒருவரிடம் ஒப்படைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.